கத்தரி பிடிக்கிற கைப்பக்கம்

காஜா அக்கா என் வீட்டுக்காரரின் அக்கா. தையல்கடையில் சட்டைகளில் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும்தான் அவள் வேலை. பேரும் அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மூக்கு நுனியில் கண்ணாடி, உதட்டில் எப்போதும் ஒரு நூல். அவளை ஒரு வார்த்தை பேச வைப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். "டீ போடட்டுமா அக்கா?" என்று கேட்டால் நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு "ம்" என்பாள். அந்த 'ம்' வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அவள் யாரிடமும் எதையும் கேட்கவும் மாட்டாள். மேல்தட்டில் இருக்கிற நூல்கண்டு எட்டவில்லை என்றால், பக்கத்தில் ஆறடி உயர டெய்லர் நின்றுகொண்டிருந்தாலும், தானே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுவாள். சரியான திமிர் பிடித்தவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா போன பிறகு ஒரு சின்னத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அப்புறம் கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருக்கும். இதெல்லாம் எனக்கு உறைக்க நாளானது.

அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடம் விட்டதும் அவரைக் கடையிலேயே, தன் காலடியில் துணி வெட்டுகள் குவிந்த இடத்தில் உட்கார வைத்துக்கொள்வாளாம். அவளுக்கு வலது, இடது என்றைக்கும் குழப்பம்தான். அதனால் தம்பிக்கு அவள் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தாள். ஒன்று கத்தரி பிடிக்கிற கை, இன்னொன்று துணி பிடிக்கிற கை. பெரிய ஆளாகி, மீசை நரைத்த பிறகும் அவர் வாயில் அதுதான் வரும். உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தால், "கத்தரிக் கைப்பக்கம் இருக்கு பாரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஏரி, அதன் கரையைச் சுற்றி ஊர். ஊருக்குள் ஓடுவது ஒரே ஒரு பஸ். அதுவும் ஏரியைச் சுற்றிச் சுற்றி வருகிற பஸ். எங்கே ஏறினாலும் போக வேண்டிய இடம் எப்போதாவது வந்துதான் தீரும். தூங்கிப்போனாலும் கவலையில்லை, அடுத்த சுற்றில் யாராவது தட்டி எழுப்புவார்கள். ஏறினோமா, உட்கார்ந்தோமா, அவ்வளவுதான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே நின்றால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்பதெல்லாம் அந்த ஊர் ஆட்களுக்குத் தெரியவே தெரியாது.

அவர் மட்டும் வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்தார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும். "எறங்குறவங்க முன்னாடி வந்துடுங்க" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் பையைத் தேடுவான். வீட்டிலும் அதே குரல்தான். மெதுவாகப் பேசத் தெரியாது. எங்கள் வீட்டு ரகசியம் அத்தனையும் பக்கத்து வீட்டுக்காரிக்கு அத்துப்படி. "கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்" என்று நான் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் எத்தனையோ. இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் குரல் கம்மியது. ரோட்டுத் தூசி என்றார். கஷாயம், மாத்திரை, வெந்நீர் என்று நாட்கள் ஓடின. பிறகு விழுங்கும்போது வலித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், ஆனால் பேச்சு இருக்காது என்றார். இவர் வெளியே வந்து, வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, "சரி, இனிமே நீ நிம்மதியா இருக்கலாம்" என்றார் என்னிடம். நான் அழுதேன். அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அக்காவுக்குப் போனில் சொன்னோம். அவள் சொன்னது இதுதான்.

"நான் வந்துடுறேன்டா. அதுக்குள்ள உள்ள போயிடாத. ஒரு தடவை நேர்ல அக்கான்னு கூப்பிட்டுட்டுப் போ."

எனக்குத் தெரிந்து காஜா அக்கா ஒருத்தரிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உள்ளே போவதற்கு முன்னால் என்னிடம் ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏதோ ஒன்று, எனக்கென்று. அந்தக் குரலில்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை என்றுதான் முதலில் சொன்னார்கள். கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடந்தது, முடித்துவிட்டு வியாழக்கிழமை வந்துவிடுகிறேன் என்றிருந்தாள் அக்கா. புதன்கிழமை சாயங்காலம் நர்ஸ் வந்து, நாளைக்கே செய்துவிடலாம், காலையில் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காவுக்குப் போன் போட்டதும், விடிய முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவதாகச் சொன்னாள். அவர் வழி சொன்னார்.

"வெளியூர் பஸ் ஸ்டாண்டுல எறங்குக்கா. முன் கேட்டு வழியா வெளிய வந்தா ரோடு. நாப்பத்தேழுல ஏறிக்கோ. பெரிய ஆஸ்பத்திரின்னு சொன்னா எறக்கி விட்டுருவாங்க."

"எந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்லுங்க" என்றேன் நான்.

"எங்க அக்காவுக்கு வழி சொல்ல எனக்குத் தெரியாதா?" என்று முறைத்தார்.

தெரியாமல்தான் போனது. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே ரோட்டில் போய்ப் போய் வருகிறவருக்கு, போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒன்றுதான். பக்கம் என்பதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் நல்ல பொருத்தம்.

மறுநாள் காலை அவருக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அக்கா இந்நேரம் வந்திருக்க வேண்டும். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது.

"எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கேன். சுத்தி வரும்னு உக்காந்திருக்கேன், கண்டக்டர் தம்பி எறங்கச் சொல்றாரு" என்றாள் அக்கா. பின்னால் யாரோ, "இது எங்கம்மா சுத்தி வர்றது? கடைசி ஸ்டாப் இது. வண்டி ஷெட்டுக்குப் போகுது" என்று சொல்வதும் கேட்டது.

நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் வாசலில், கண்ணுக்கு முதலில் தெரிந்த நாற்பத்தேழில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அது ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த் திசையில் நகரத்தின் அந்தக் கோடி வரைக்கும் போயிருக்கிறது. "அக்கா, எங்க போய் உக்காந்திருக்கீங்க?" என்று கத்தியேவிட்டேன். அவர் கையை நீட்டினார். நான் ஸ்பீக்கரைப் போட்டு அவர் வாய்க்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, பயப்படாத. எறங்கிட்டியா? எதிர்ல என்ன தெரியுது?"

"நீல கேட்டு ஒண்ணு. சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கு."

"சரி. நாப்பத்தேழுக்கு நிக்காத, அது கெளம்ப நேரமாகும். கேட்டுக்கு முதுகைக் காட்டி நில்லு. நின்னுட்டியா? இப்போ கத்தரி பிடிக்கிற கைப்பக்கமா நட. ஒரு டயர் கடை வரும். வந்ததும் ரோட்டைத் தாண்டு. ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டுக்கா. பதினெட்டாம் நம்பர் வரும், அதுல ஏறு."

குரல் கரகரவென்று வந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. அக்கா நடக்கிற சத்தம், லாரி ஹாரன், அவள் இரைக்கிற சத்தம் எல்லாம் போனில் கேட்டது. "டயர் கடை வந்துடுச்சுடா" என்றாள், பரீட்சையில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி. வெகுநேரம் கழித்து, "பதினெட்டு வருது" என்றாள்.

"ஏறு. ஏறி கத்தரிக் கைப்பக்கம் ஜன்னலோரமா உக்காரு. போனை வெக்காத."

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அவர் டூட்டி பார்க்க ஆரம்பித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, அவள் பஸ்ஸோடு கூடவே போனார். "இப்போ மில் கேட்டு வரும். வந்துடுச்சா? அடுத்து தண்ணித் தொட்டி. அங்க கூட்டம் ஏறும், பையை மடியில வெச்சுக்கோ." அவள் "ம்" என்பாள். அடுத்த ஸ்டாப் வருவதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் துணைக்கு இருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனிடம் மிச்சம் இருப்பதே கொஞ்சம் குரல்தான். அதைத் தண்ணித் தொட்டிக்கும் மில் கேட்டுக்கும் செலவழித்துக்கொண்டிருக்கிறாரே! நான் ஒருத்தி கையில் போனைப் பிடித்துக்கொண்டு, ஸ்டாண்டு மாதிரி நிற்கிறேனே! ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கக் கூடாதா?

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். "அவங்க அக்கா வந்துட்டே இருக்காங்க. பத்தே நிமிஷம்" என்றேன். தன் கையில் ஒன்றுமில்லை, தலைமை நர்ஸைக் கேளுங்கள் என்றாள். போனைத் தலையணையில் அவர் காதோரம் வைத்துவிட்டு ஓடினேன். தலைமை நர்ஸ் கெட்டவள் இல்லை. எனக்காக உள்ளே போன் போட்டுக் கேட்டாள். டாக்டர் ஆபரேஷனுக்குக் கை கழுவப் போய்விட்டார் என்றார்கள். "ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று என் தோளைத் தட்டினாள். நான் திரும்பி ஓடி வந்தபோது அவரைத் தள்ளுவண்டிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். போன் இன்னும் அவர் காதில்தான் இருந்தது.

"பாலம் தாண்டுனதும் எந்திரிச்சுக்கோக்கா. எறங்குறவங்க முன்னாடி வந்துடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போனை என்னிடம் கொடுத்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது, சத்தம் வரவில்லை. வண்டியைத் தள்ளிவிட்டார்கள். போகிற போக்கில் அவர் கையை எடுத்து வண்டியின் பக்கக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ்ஸில் கிளம்பச் சொல்லித் தட்டுவாரே, அதே தட்டு. கதவு மூடிக்கொண்டது.

ஆக, அவர் குரலில் நான் கடைசியாகக் கேட்டது, பாலம் தாண்டியதும் எழுந்துகொள்ள வேண்டும் என்பது. அதுவும் என்னிடம் சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஓட்டமும் நடையுமாக, செருப்பு ஒன்று கையில், ஒன்று காலில். வார் அறுந்துவிட்டிருந்தது. மூடிய கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவருகே போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"வா. சாப்பிடலாம்."

எனக்குக் கேட்டது சரிதானா என்றே புரியவில்லை. "என்னது?"

"கீழ கேண்டீன் இருக்குல்ல? வா, ஏதாவது சாப்பிடு."

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது. "உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா அக்கா? அவரை உள்ள அறுத்துக்கிட்டு இருக்காங்க, சாப்பிடணுமாமே! யாரையாவது ஒரு வார்த்தை எந்தப் பக்கம்னு கேட்டிருந்தா என்ன? வாய் தேஞ்சா போயிடும்? உங்களுக்கு வழி சொல்லியே அவர் பேச்சு முடிஞ்சுபோச்சு. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்கலியே!"

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு. அக்கா கோபப்படவில்லை. என் கையையும் விடவில்லை. பல்லில் இல்லாத நூலைக் கடிப்பது போல உதட்டை ஒரு தரம் மடித்துக்கொண்டாள்.

"நீ நர்ஸைப் பாக்கப் போயிருந்தப்ப சொன்னான்" என்றாள். "பஸ்ஸு பாலத்துக்கிட்ட நின்னுபோச்சு, ஒரே கூட்டம். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு நான் வந்து சேர மாட்டேன்னு. 'அக்கா, நீ வர்றதுக்குள்ள என்னைக் கொண்டு போயிடுவாங்க. அது பரவால்ல. அவ நேத்துலேருந்து ஒண்ணுமே சாப்பிடல. நான் உள்ள போனதும் வெளிய தனியா நிப்பா. அதுக்காகத்தான் சொல்றேன், நீ தப்பா எங்கயும் எறங்கிடாத, நேரா வந்து சேரு. வந்ததும் முதல்ல அவளைச் சாப்பிட வை' அப்படின்னான்."

காஜா அக்கா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவள் தானாக ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அதெல்லாம் வராது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கேண்டீனுக்குப் போனோம். அவள் ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். நான் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டேன். கண்ணீரும் சேர்ந்து உள்ளே போனது. சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளும் விடிவதற்கு முன்னால் கிளம்பியவள். ஜென்மத்தில் ஒரே ஒரு தடவை ஒன்று கேட்டாள், நேரில் ஒரு 'அக்கா'. அது கிடைக்காமல் போன கதவை விட்டுத் திரும்பி வந்து, முதல் வேலையாக எனக்குச் சோறு போட நினைத்திருக்கிறாள். "நீங்களும் சாப்பிடுங்க அக்கா" என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' வேண்டாம் என்கிற 'ம்'. நான் விடவில்லை, எழுந்து போய் அவளுக்கும் ஒரு பன் வாங்கி வந்தேன்.

அவள் பையில் நான்கு சட்டைகள் இருந்தன. காலர் இல்லாமல், தலை வழியாக மாட்டாமல் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, டெய்லரிடம் சொல்லித் தைக்க வைத்தவை. மேல் பட்டனைக் கழுத்துத் துளையை அழுத்தாதபடி கீழே இறக்கி வைத்திருந்தாள். துளைக்கு முன்னால் தொங்க ஒரு மெல்லிய துணி, அதைக் கழற்றித் துவைக்க இரண்டு காஜா. மூச்சுவிடக் கழுத்தில் துளை போடுவார்கள் என்று போனில் நான்தான் சொல்லியிருந்தேன். சீருடை வேலைக்கு நடுவே இதையும் செய்து முடித்திருக்கிறாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். பேசுவதற்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிலிருந்து ஒரு குரல் வரும். அவர் ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்தார். அது யாரோ பேசுவது போலிருந்தது. எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. வீட்டில் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்கிறோம். கோபம் வந்தால் மேஜையை ஒரு தட்டு, சரி என்றால் இரண்டு தட்டு. எங்கள் வீட்டு ரகசியம் எதுவும் இப்போது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாது.

அக்கா மாதத்துக்கு ஒரு தரம் வருகிறாள். இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்று, தெரிந்த வழியையே நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாளாம். அவள் வந்ததும் இவர் அவள் எதிரே உட்கார்ந்து வாயை அசைப்பார். சத்தம் வராது. ஆனால் உதடு சொல்வது அக்கா என்பது யாருக்கும் தெரியும். அவள் "ம்" என்பாள்.

அவர் வேலைக்குப் போன பிறகு, அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, நான் வெட்கங்கெட்டுப் போய்க் கேட்பேன். "அக்கா, அன்னைக்கு அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க." எத்தனை தடவை கேட்டாலும் அவள் சலித்துக்கொள்வதில்லை. நூலைக் கடித்து எடுத்துவிட்டு, கையில் இருக்கிற சட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள். கூடப் பிறந்தவள் இல்லையா, பேச்சில் அந்த இழுப்பும் அந்த அழுத்தமும் அப்படியே அவருடையது. நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன்.

"அவ நேத்துலேருந்து ஒண்ணுமே சாப்பிடல. நான் உள்ள போனதும் வெளிய தனியா நிப்பா."